தண்டல்ல ஆரம்பிச்சு பீட்டா வரைக்கும்: காலேஜ்ல ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் முதல் தடவ படிக்கிறவங்களுக்கு

பிஏ எகனாமிக்ஸ், பிகாம், பிபிஏ எது சேந்தாலும் ஏதோ ஒரு செமஸ்டர்ல ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் ஒரு பேப்பரா வந்து நிக்கும், சில காலேஜ்ல வேற பேர்ல வரும், உள்ள சரக்கு ஒண்ணுதான். அப்ப நம்ம பசங்க பொதுவா ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. சிலர் உடனே ஷேர் ஆப் டவுன்லோடு பண்ணி டீமேட் (ஷேர் வெக்கிற அக்கவுண்ட்) ஓபன் பண்ணிட்டு "நான் ஃபைனான்ஸ் படிக்கிறேன் மச்சான்"னு சுத்துறாங்க. மத்தவங்க எக்ஸாமுக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடைல சீனியர் நோட்ஸ் வாங்கி ஃபார்முலாவ மட்டும் முழுங்குறாங்க. ரெண்டும் வேலைக்கு ஆவாது. இந்த பேப்பர் கேக்குறது ரொம்ப சிம்பிளான கேள்வி: இன்னிக்கு கைல இருக்கற காசுக்கும், பின்னாடி ஒரு தேதில வரப்போற (வராமலும் போகலாம்) காசுக்கும் நடுவுல நியாயமான விலை என்ன? பாண்ட் (கடன் பத்திரம்), ஷேர், ஆப்ஷன், எல்லாமே இந்தக் கேள்விதான், சட்டை மட்டும் வேற.

வட சென்னைல வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் வளந்தவங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, யாரும் சொல்றதில்ல. வீட்டச் சுத்தி தண்டல், ஏலச்சீட்டு, அடகு, நூத்துக்கு மூணு வட்டின்னு தினமும் ஃபைனான்ஸ் கான்ட்ராக்ட் ஓடிட்டுதான் இருக்கு. அத நோட்ல எழுதி கணக்கு போடக் கத்துக்கிட்டா பாதி சிலபஸ் முடிஞ்ச மாதிரி.

முதல்ல கணக்கு, ஆனா ரொம்ப வேணாம்

பிளஸ் டூல மேக்ஸ் இல்லாம வந்தவங்க பயப்பட வேணாம். அடுக்கு, கொஞ்சம் லாக், சராசரி, வேரியன்ஸ், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், கோவேரியன்ஸ், ஒரு நேர்கோட்டோட ஸ்லோப், இவ்ளோதான். ஸ்டேட் போர்டு 11ஆம் கிளாஸ் வணிகக் கணிதம் புக்ல நிதிக் கணக்குன்னு ஒரு பாடமே இருக்கு, பிடிஎஃப் ஃப்ரீயா கிடைக்கும், அத ரெண்டு வாரம் உக்காந்து போட்டுப் பாத்துருங்க. கால்குலேட்டர் சயின்டிஃபிக் ஒண்ணு போதும், ஃபோன்ல ஸ்ப்ரெட்ஷீட் ஓபன் ஆகணும். லேப்டாப் இல்லன்னு யாரும் நின்னுட வேணாம், நான் கீழ சொல்ற எல்லாமே ஃபோன் ஷீட்ல ஓடும்.

ரெண்டாவது, கோடு போடுங்க

இந்த ஸ்டெப்லதான் ரொம்ப நேரம் செலவழிக்கணும், மத்ததெல்லாம் இதுமேலதான் நிக்குது. நோட்ல குறுக்க ஒரு கோடு, இடது பக்கம் இன்னிக்கு, வலது பக்கம் போகப்போக நாள் இல்ல மாசம் இல்ல வருஷம். கைக்கு வர்ற காசு கோட்டுக்கு மேல, கையவிட்டுப் போற காசு கோட்டுக்குக் கீழ. எந்தக் கணக்கு வந்தாலும் ஃபார்முலாவத் தேடுறதுக்கு முன்னாடி இந்தக் கோடு.

தண்டல எடுத்துக்கோங்க. 10,000 ரூபா தண்டல்னு சொல்லுவாங்க, கைல தர்றப்பவே 1,500 புடிச்சிக்கிட்டு 8,500 தருவாங்க, தினம் 100 ரூபான்னு 100 நாள் கட்டணும். மீன் விக்கிற அக்கா, தள்ளுவண்டி போடுற அண்ணன் யாரக் கேட்டாலும் "பதினஞ்சு பர்சென்ட்தான்பா"ன்னுவாங்க. சரி, கோடு போடுங்க. 0ஆம் நாள் மேல 8,500. 1ஆம் நாள்ல இருந்து 100ஆம் நாள் வரைக்கும் கீழ நூறு நூறா. இத ஷீட்ல ஒரே காலம்ல (மேலேந்து கீழ வர்ற செல் வரிசைல) இறக்குங்க, முதல் செல்ல பிளஸ் 8500, அடுத்த 100 செல்லயும் மைனஸ் 100, கடைசில ஐஆர்ஆர் ஃபங்ஷன் (வந்த காசையும் போன காசையும் சமமாக்குற வட்டி ரேட்) போடுங்க. நாளுக்கு சுமார் 0.33 பர்சென்ட் வரும். பாக்க சின்னதாத்தான் இருக்கும். 365ஆல பெருக்குனா வருஷத்துக்கு 121 பர்சென்ட். கூட்டு வட்டியா ஏத்துனா 230 பர்சென்ட்டத் தாண்டிரும்.

பதினஞ்சு எப்படி நூத்தி இருபத்தொண்ணு ஆச்சு? மொதல்ல, கைக்கு வந்தது 8,500தான், 10,000 இல்ல. அடுத்தது, அந்த 8,500ம் 100 நாளும் உங்க கைல இருக்கல, மறுநாள்ல இருந்தே திருப்பித் தர ஆரம்பிச்சாச்சு, சராசரியா பாத்தா அம்பது நாள் கிட்டதான் அந்தக் காசு உங்ககிட்ட இருந்துச்சு. அதோட 100 நாளுங்கறது ஒரு வருஷம் இல்ல. இந்த மூணு விஷயமும் புரிஞ்சா ஆனுவிட்டி (ஒரே தொகையத் திரும்பத் திரும்ப கட்டுறது), எஃபெக்டிவ் ரேட் (உண்மையா விழற வட்டி), ஐஆர்ஆர் மூணும் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். (தமிழ்நாட்டுல அநியாய வட்டிக்கு எதிரா 2003லயே சட்டம் இருக்கு. அவசரத்துக்குக் காசு தேவைப்படறவங்க சட்டப் புக்கத் தேடிட்டு இருக்க மாட்டாங்க, அது வேற கதை, அதுக்கும் எகனாமிக்ஸ்ல தனி பேப்பர் இருக்கு.)

அதே மாதிரி நூத்துக்கு மூணு வட்டி. மாசம் 3ங்கறத பன்னெண்டால பெருக்கி 36ன்னு எழுதுனா சிம்பிள் வட்டி. கட்டாத வட்டி அசலோட சேந்தா 1.03ஐ பன்னெண்டு தடவ பெருக்கணும், 42.6 பர்சென்ட் வரும். கேள்வில "கூட்டு"ன்னு இருக்கா இல்லையான்னு பாத்துட்டுக் கை வைங்க.

அடுத்து வீட்ல அம்மாவோ அத்தையோ சீட்டு கட்டுறாங்கன்னா அந்த நோட்ட வாங்கிப் பாருங்க. மாசாமாசம் கழிவு போக எவ்ளோ கட்டுனாங்க, எந்த மாசம் தள்ளி எடுத்தாங்க, எவ்ளோ வந்துச்சு, எல்லாம் அதுல இருக்கும். சீக்கிரம் எடுத்தவங்களுக்கு அது கடன், கடைசி வரைக்கும் எடுக்காம இருந்தவங்களுக்கு அது சேமிப்பு, ஒரே சீட்டுதான் ஆனா ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஐஆர்ஆர் போட்டா ரேட் வேற வேற வரும். நடுவுல இருக்கற வித்தியாசத்துல சீட்டு நடத்துறவங்க கமிஷனும் அடக்கம். ரிஜிஸ்டர் பண்ண சீட்டுல அந்தக் கமிஷன் உச்சவரம்பு முன்னாடி 5 பர்சென்ட்டா இருந்துச்சு, 2019 திருத்தத்துல 7 ஆக்குனாங்க. எனக்குத் தெரிஞ்சு எந்த டெக்ஸ்ட்புக் கணக்கவிடவும் இது நல்ல அசைன்மென்ட், புரொஃபசர் கேட்டா தைரியமா இதையே குடுங்க.

ஷீட்ல ஒரு குழி இருக்கு, இங்கயே சொல்லிடறேன். என்பிவி ஃபங்ஷன் (பின்னாடி வர்ற காசோட இன்னிக்கு மதிப்பப் போடுறது) நீங்க குடுக்கற முதல் தொகையையே ஒரு பீரியட் (வருஷமோ மாசமோ) கழிச்சு வர்றதாத்தான் எடுத்துக்கும். அதனால இன்னிக்கே போடுற முதலீட்ட அந்த பிராக்கெட்டுக்குள்ள போடாதீங்க, வெளிய தனியா கூட்டுங்க. ஐஆர்ஆர்க்கு இந்தப் பிரச்சனை இல்ல, எல்லாத்தையும் உள்ளயே போடலாம்.

மூணாவது, பாண்ட்

ஷேருக்கு ஓடறதுக்கு முன்னாடி பாண்ட் படிங்க, சிலபஸ்ல ஆர்டர் வேற மாதிரி இருந்தாலும் சரி. ஏன்னா பாண்ட்ல எந்தத் தேதில எவ்ளோ வரும்னு பேப்பர்லயே எழுதி இருக்கும், கோடு போடுறது ஈஸி.

சின்னதுல இருந்து வாங்க. மத்திய அரசு 91, 182, 364 நாளுக்கு டிரஷரி பில் விக்குது, ரிசர்வ் பேங்க் புதன்கிழமைல ஏலம் விடும். வட்டின்னு தனியா எதுவும் தர மாட்டாங்க, கம்மியா வாங்கி 100 ரூபாயா திரும்ப வாங்கிக்கணும். உதாரணத்துக்கு 91 நாள் பில்ல 98.40க்கு வாங்குனீங்கன்னு வெச்சிக்கோங்க. லாபம் 1.60, அத 98.40ஆல வகுத்து 365/91ஆல பெருக்குங்க, 6.52 பர்சென்ட். இந்த ரேட்டத்தான் புக்ல ரிஸ்க் இல்லாத ரேட்னு சொல்லுவாங்க, பின்னாடி ரொம்பத் தேவைப்படும், ஒரு ஓரத்துல எழுதி வைங்க.

அடுத்தது கூப்பன் பாண்ட். முகமதிப்பு 1,000, வருஷம் 80 ரூபா வட்டி, ரெண்டு வருஷத்துல அசல் திரும்ப வரும். மார்க்கெட்ல இதே மாதிரி பாண்டுக்கு 10 பர்சென்ட் கிடைக்குதுன்னா உங்க பாண்ட எவனாவது 1,000 குடுத்து வாங்குவானா? 80ஐ 1.1ஆல வகுங்க, 1,080ஐ 1.21ஆல வகுங்க, கூட்டுனா 965.29. மார்க்கெட் ரேட் 6க்கு இறங்குனா அதே பாண்ட் 1,036.67. ரேட் ஏறுனா விலை இறங்கும், ரேட் இறங்குனா விலை ஏறும், எல்லா எக்ஸாம்லயும் ஏதோ ஒரு ரூபத்துல இது வந்தே தீரும். மனப்பாடம் பண்ணாதீங்க, ரெண்டு தடவ கைல போட்டா தானா உக்காந்துரும்.

நம்ம ஏரியால இருந்தே உதாரணம் வேணும்னா கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கு. அத சுத்தம் பண்ற திட்டத்துக்காக சென்னை மாநகராட்சி 2025ல 200 கோடிக்கு பாண்ட் போட்டு என்எஸ்இ ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் பண்ணுச்சு, வட்டி 8 பர்சென்ட்டுக்குக் கொஞ்சம் கீழ. மத்திய அரசு பாண்டவிட மாநகராட்சி ஏன் கொஞ்சம் அதிகமா தரணும்னு யோசிச்சு அரைப் பக்கம் எழுதிப் பாருங்க. திருப்பித் தராம போற ரிஸ்க், நடுவுல விக்கணும்னா வாங்க ஆள் கிடைக்காத ரிஸ்க், இந்த ரெண்டும் வரணும்.

தராம போறதுன்னா எப்படி இருக்கும்னு பாக்க நம்ம பாரிஸ் கார்னர் (பாரிமுனை) பக்கம் ஒரு பழைய கதை இருக்கு. ஆர்பத்நாட்னு ஒரு வெள்ளைக்கார கம்பெனி, மெட்ராஸ்ல அப்ப பெரிய பேரு, நம்பி டெபாசிட் போட்டவங்க ஏராளம், 1906 அக்டோபர்ல படுத்துருச்சு. அந்த அடிதான் நம்மாளுங்களே ஒரு பேங்க் வெக்கணும்னு 1907ல இந்தியன் பேங்க் ஆரம்பிக்கக் காரணம். இன்னிக்கு பேங்க்ல போட்ட டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, 2020ல இருந்து அந்த லிமிட். மாசம் 5 பர்சென்ட் தர்றேன்னு எவனாவது வீட்டு வாசல்ல வந்து நின்னா அந்த இன்சூரன்ஸ் அவனுக்குக் கிடையாது.

நாலாவது, ஷேர்

திருவொற்றியூர்ல எம்ஆர்எஃப் ஃபேக்டரிய எல்லாரும் பாத்துருப்பீங்க. அதோட ஒரு ஷேர் 2023 ஜூன்ல ஒரு லட்சம் ரூபாயத் தாண்டுச்சு. "அப்பாடி, இந்தியாவிலேயே காஸ்ட்லி ஷேர்"னு நியூஸ் ஓடுச்சு. அந்தக் கம்பெனில மொத்தமே 42 லட்சம் ஷேர் சொச்சம்தான், அதனாலதான் ஒண்ணோட விலை அவ்ளோ பெருசாத் தெரியுது. விலைய மட்டும் பாத்து சீப்பு காஸ்ட்லி சொல்றது பிரியாணி எத்தன பிளேட்னு கேக்காம மொத்த பில்லப் பாத்து சண்டை போடுற மாதிரி. ஷேர் விலைய மொத்த ஷேர் எண்ணிக்கையால பெருக்கணும், அப்புறம் லாபத்தோட ஒப்பிடணும்.

ஷேருக்கும் கோடு போடலாம், ஆனா முடிவே இல்லாத கோடு, டிவிடெண்ட் (லாபத்துல கம்பெனி பிரிச்சுத் தர்ற காசு) எவ்ளோன்னும் தெரியாது. புக்ல வர்ற எளிய மாடல்: அடுத்த வருஷ டிவிடெண்ட, எதிர்பாக்குற ரிட்டர்ன்ல இருந்து வளர்ச்சியக் கழிச்ச ரேட்டால வகுக்கணும். டிவிடெண்ட் 10, ரிட்டர்ன் 12 பர்சென்ட், வளர்ச்சி 4 பர்சென்ட்னா விலை 125. வளர்ச்சிய 6ன்னு மாத்துங்க, 167 கிட்ட வரும். 8ன்னு மாத்துங்க, 250. வெறும் யூகத்த நாலு பாயின்ட் நகத்துனா விலை டபுள் ஆகுது. டிவில உக்காந்து டார்கெட் பிரைஸ் சொல்றவங்களப் பாக்குறப்ப இந்த மூணு நம்பர நெனச்சிக்கோங்க.

அஞ்சாவது, ரிஸ்க்க அளக்கறது

சிலபஸ்ல ஆழமான பகுதி இதுதான். ஹாரி மார்கோவிட்ஸ் 1952ல எழுதுன ஒரு கட்டுரைல ஆரம்பிக்குது. ஒரு ஷேர் தனியா எவ்ளோ ஆடுதுங்கறது மட்டும் போதாது, உங்ககிட்ட இருக்கற மத்த ஷேரோட சேந்து ஆடுதா எதிரா ஆடுதாங்கறத சேத்துப் பாக்கணும்னு காட்டுனாரு.

நம்பர்ல பாருங்க. ஒரு ஷேரோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரிய விட்டு எவ்ளோ ஆடுதுங்கற அளவு) 20 பர்சென்ட், இன்னொண்ணு 30. பாதிப் பாதி போடுறீங்க. ரெண்டும் அச்சு அசலா சேந்தே ஆடுனா, அதாவது கோரிலேஷன் 1, போர்ட்ஃபோலியோ 25. கோரிலேஷன் 0ன்னா 18தான், ரெண்டுல அமைதியான ஷேரவிடக் கம்மி! மைனஸ் 1ன்னா 5. இந்த 18 எப்படி வந்துச்சுன்னு கைல போட்டே ஆகணும்: 0.25ஐ 0.04ஆல பெருக்கி, 0.25ஐ 0.09ஆல பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம். கோரிலேஷன் 0ங்கறதால நடுவுல வர்ற கோவேரியன்ஸ் காணாம போயிடுச்சு, எக்ஸாம்ல வேற நம்பர் குடுத்தா அதையும் ரெண்டு பங்காலயும் (இங்க 0.5, 0.5), அப்புறம் ரெண்டாலயும் பெருக்கி, வர்க்கமூலத்துக்கு முன்னாடி சேக்க மறந்துடாதீங்க.

இப்ப மணலிக்கு வாங்க. சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம்), மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ், மூணும் லிஸ்டட் கம்பெனி. "நம்ம ஊரு கம்பெனி மூணு வாங்கிட்டேன், டைவர்சிஃபை பண்ணிட்டேன்"னு ஒருத்தன் சொன்னா என்ன சொல்லுவீங்க? கச்சா எண்ணெய் விலை ஆடுனா மூணும் ஆடும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப மணலில தண்ணி நின்னுச்சே, அது ஒரு கம்பெனி வாசல மட்டும் பாத்து நிக்கல. எண்ணிக்க மூணு, ரிஸ்க் கிட்டத்தட்ட ஒண்ணு. (யாரையும் வாங்கச் சொல்லல, விக்கவும் சொல்லல, இது பாடம்.)

ஆறாவது, பீட்டா நீங்களே போடுங்க

டைவர்சிஃபை பண்ணி ஒழிக்க முடியாத ரிஸ்க்குக்கு மட்டும்தான் மார்க்கெட் கூலி தரும், இதான் கேப்எம் (CAPM)ங்கற மாடல். மார்க்கெட் ஒரு பர்சென்ட் ஆடுனா ஷேர் சராசரியா எவ்ளோ ஆடுதுங்கற அளவுதான் பீட்டா. வில்லியம் ஷார்ப் 1964ல எழுதுனது, 1990ல மார்கோவிட்ஸ், மெர்ட்டன் மில்லரோட சேத்து நோபல் குடுத்தாங்க. கணக்கு ஒரு வரி: ரிஸ்க் இல்லாத ரேட் 6.5, மார்க்கெட் ரிட்டர்ன் 12, பீட்டா 1.4ன்னா, 6.5 கூட்டல் 1.4 பெருக்கல் 5.5, அதாவது 14.2 பர்சென்ட். இத மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடலாம், ஆனா பீட்டான்னா என்னன்னு வயித்துல இறங்கணும்னா ஒரு தடவ நீங்களே கண்டுபிடிக்கணும்.

கூகுள் ஷீட்ல கூகுள்ஃபைனான்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, பழைய விலைய அதுவே இறக்கித் தரும், இல்லன்னா என்எஸ்இ சைட்ல இருந்து டவுன்லோடு பண்ணுங்க. சிபிசிஎல் ஒரு காலம், நிஃப்டி (மொத்த மார்க்கெட்டக் காட்டுற என்எஸ்இ இண்டெக்ஸ்) ஒரு காலம், அஞ்சு வருஷ மாசக் கடைசி விலை. இங்கதான் நெறைய பேர் சறுக்குறாங்க: விலையவே நேரா ஸ்லோப் ஃபங்ஷன்ல போட்டுடறாங்க. விலை இல்ல, ரிட்டர்ன் வேணும். இந்த மாச விலைய போன மாச விலையால வகுத்து ஒண்ணு கழிச்சு புதுசா ரெண்டு காலம் உண்டாக்குங்க, அதுக்குத்தான் ஸ்லோப், முதல்ல ஷேர், அப்புறம் நிஃப்டி, மாத்திப் போட்டா வேற நம்பர் வரும். அப்புறம் அதே கணக்க முதல் ரெண்டரை வருஷத்துக்கு, கடைசி ரெண்டரை வருஷத்துக்குன்னு தனித்தனியா போட்டுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா வராது. புக்ல பீட்டாவ கல்லுல செதுக்குன மாதிரி குடுப்பாங்க, நெசத்துல அது ஒரு எஸ்டிமேட்தான், வைவால (வாய்மொழித் தேர்வுல) யாராவது கேட்டா இந்த ரெண்டு நம்பரையும் காட்டுங்க.

மார்க்கெட் எஃபிஷியன்ட்டா இல்லையாங்கற யூனிட்ட நான் சீக்கிரம் முடிச்சிடறேன், ஏன்னா அது கட்டுரையா எழுதுற கேள்வி. யூஜின் ஃபாமா 1970ல, விலைல ஏற்கனவே எல்லாத் தகவலும் இறங்கிடுதுங்கற வாதத்த வகைப்படுத்தி எழுதுனாரு, ராபர்ட் ஷில்லர் விலை ஓவரா ஆடுதேன்னு எதிர்க்கட்சி. ரெண்டு பேருக்கும் 2013ல ஒரே நோபல், லார்ஸ் ஹான்சனும் கூட. விலைல எவ்ளோ தகவல் இறங்கிருக்குங்கறத வெச்சு வீக் (பழைய விலை மட்டும்), செமி ஸ்ட்ராங் (வெளிய வந்த எல்லாத் தகவலும்), ஸ்ட்ராங் (உள்ளாள் ரகசியமும் சேத்து)னு பிரிப்பாங்க, மூணுக்கும் ஒவ்வொரு உதாரணம் சொந்தமா யோசிச்சு வெச்சிக்கோங்க.

கடைசியா ஆப்ஷன்

ஆப்ஷன்னா பின்னாடி ஒரு தேதிக்குள்ள (எக்ஸ்பைரி) முன்னாடியே பேசுன விலைக்கு (ஸ்ட்ரைக்) வாங்குற உரிமை (கால்), இல்ல விக்கிற உரிமை (புட்). முதல்ல பேஆஃப் படம் (முடிவுல ஷேர் விலைக்கு ஏத்த மாதிரி எவ்ளோ கிடைக்கும்னு காட்டுறது) வரையப் பழகுங்க, நாலு படம்தான். அப்புறம் புட் கால் பேரிட்டி (கால் விலைக்கும் புட் விலைக்கும் உள்ள உறவு), ஒரு ஸ்டெப் பைனாமியல் (விலை ஏறும் இல்ல இறங்கும்னு ரெண்டே வழி வெச்சுப் போடுற கணக்கு). இதுல ஓடுற ஐடியா ஆர்பிட்ரேஜ் இல்லாமங்கறது: ஒரே சரக்கு ரெண்டு எடத்துல ரெண்டு விலைக்கு ரொம்ப நேரம் நிக்காது. என்எஸ்சி போஸ் ரோட்ல அதே தங்கம் கிராமுக்கு நூறு ரூபா கம்மின்னு தெரிஞ்சா எவ்ளோ நேரத்துல அந்த வித்தியாசம் காணாம போகும், ஆட்டோ சார்ஜ் கழிச்சு எவ்ளோ மிஞ்சும்னு பேசிப் பாருங்க, அந்த யோசனையத்தான் ஷேரும் கடனும் வெச்சு ஆப்ஷனுக்குப் பண்றாங்க. 1973ல வந்த பிளாக் ஷோல்ஸ் ஃபார்முலாவுக்கு இளங்கலைல டெரிவேஷன் கேக்க மாட்டாங்க பெரும்பாலும், எந்தெந்த அஞ்சு விஷயம் உள்ள போகுது, ஒவ்வொண்ணும் ஏறுனா கால் விலை எந்தப் பக்கம் நகரும்னு தெரிஞ்சா போதும்.

படிக்கறது வேற, ஆப்ல ஆப்ஷன் ஆடறது வேற. 2021-22ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டு கணக்கப் பாத்து செபி (ஷேர் மார்க்கெட்டக் கண்காணிக்கிற அமைப்பு) வெளியிட்டது: ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்ல இறங்குன தனிநபர்கள்ல 93 பர்சென்ட் பேர் நஷ்டம். செமஸ்டர் ஃபீஸ் காச எடுத்து அதுல போடறேன்னு ஹாஸ்டல் ரூம்ல எவனாவது பேசுனா இந்த நம்பரச் சொல்லுங்க.

எப்படிப் பிரிச்சுப் படிக்கிறது

செமஸ்டர் நாலு மாசம்னு வெச்சா, கோடு போடுறதுக்கும் பாண்டுக்கும் முதல் மாசம் ஃபுல்லா குடுங்க, ஷேருக்கு ரெண்டு வாரம், ரிஸ்க், பீட்டா ரெண்டுக்கும் சேத்து ஒரு மாசத்துக்கு மேல, மிச்சம் ஆப்ஷனும் ரிவிஷனும். வீட்ல எடம் இல்ல, டிவி சத்தம்னா கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம் இருக்கு, எக்மோர்ல கன்னிமாரா லைப்ரரி இருக்கு. புக் புதுசா வாங்குனா ஆயிரத்துக்கு மேல போகும், சென்ட்ரல் பக்கத்துல அல்லிக்குளம் காம்ப்ளக்ஸ் பழைய புக் கடைல தேடுங்க, பழைய எடிஷனே தாராளம், ஏன்னா நோபல் வாங்குன தியரி எடிஷனுக்கு எடிஷன் மாறாது, மாறுறது செட்டில்மென்ட் ரூல், டாக்ஸ் மாதிரி விஷயம்தான், அத செபி, ரிசர்வ் பேங்க் சைட்ல பாத்துக்கலாம். வீடியோ வேணும்னா என்பிடெல்ல (ஐஐடிங்க நடத்துற ஆன்லைன் பாட சைட்) ஃப்ரீயா லெக்சர் இருக்கு. இங்கிலீஷ் வேகமா போச்சுன்னா ஸ்பீட கொறச்சு, கணக்கு வர்ற எடத்துல நிறுத்தி, அவர் முடிக்கறதுக்கு முன்னாடி நீங்க போட்டுப் பாருங்க.

எக்ஸாம் பேப்பர்ல ஒவ்வொரு கணக்குக்கும் கோடு வரைஞ்சு ஆரம்பிங்க, ரேட் எழுதுறப்ப மாசத்துக்கா வருஷத்துக்கான்னு பக்கத்துலயே எழுதுங்க, ஆன்சர் தப்பா போனாலும் ஸ்டெப் மார்க் விழும். அடுத்த செமஸ்டர்ல எகனோமெட்ரிக்ஸ் வந்தா அந்த பீட்டா ஷீட்ட டெலிட் பண்ணாம வைங்க, ரிக்ரெஷன் (நீங்க போட்ட அந்த ஸ்லோப் கணக்குதான்) சொல்லித் தர்ற முதல் வாரத்துலயே எடுத்துக் காட்டலாம்.